நாயுடு பிரித்த மோட்டார் சைக்கிளும் நாங்கள் இறக்கிய என்ஜினும்



ஜி.டி. நாயுடு அவர்களைப் பற்றிக் கோயமுத்தூர்ப் பையன்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நடக்கப் பழகும்போதே அந்தக் கதையையும் கேட்டுவிடுகிறோம். மூணாங்கிளாஸைத் தாண்டாத ஒரு பையன், வெள்ளைக்காரன் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, பின்னால் அதையே விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் போட்டு, மறுபடியும் பூட்டி ஓட்டிக் காட்டினார். நம்ம கல்லூரியில் சேர்ந்த முதல் நாளும் இதே கதையைத்தான் சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

அந்தக் கைத்தட்டலை நம்பித்தான் போன வருஷம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேலையில் இறங்கினேன். அதில் என் அப்பாவின் விரல் ஒன்று நசுங்கியது. அதற்குப் பிறகு நாயுடு அவர்களின் வாழ்க்கையை முதலிலிருந்து மறுபடி படித்தேன். அதனால்தான் இந்த மலரில் அவர் வரலாற்றை என் வழியில் எழுதுகிறேன். நடுநடுவே எங்கள் வீட்டு என்ஜினும் வரும், பொறுத்துக்கொள்ளவும்.

நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23. ஊர் கலங்கல். சூலூர்ப் பக்கம். விவசாயக் குடும்பம். தாயைச் சின்ன வயதிலேயே இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு ஓடினார் என்றுகூடச் சொல்வார்கள். (எங்கள் வீட்டில் நான்தான் முதன்முதலாகப் பத்தாவது தாண்டியவன். அப்பா ஆறாவதோடு நின்றுவிட்டார், அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஆகவே நாயுடு படிக்காமலே பெரிய ஆளானார் என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வரும். படிக்காமல் பெரிய ஆளாகாதவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் தெருவில் வந்து எண்ணிப் பார்க்கட்டும்.)

அந்த மோட்டார் சைக்கிள் ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியுடையது. ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி மட்டும் தானாக ஓடுகிறது! பையனுக்குத் தூக்கம் போய்விட்டது. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசு சேர்த்தார். அதிகாரியிடம் போய் வண்டியை வாங்கினார். ஓட்டி மகிழ்ந்ததோடு விடவில்லை, பிரித்தார். ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பார்த்தார். திரும்பப் பூட்டினார்.

இந்த இடத்தில் நம் கதை சொல்லிகள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். ரட்ஜ் கம்பெனி அந்தக் காலத்தில் செய்தது 500 சி.சி.க்கு ஒரு சி.சி. குறைவான, ஒற்றை சிலிண்டர் என்ஜின். நாலு போல்ட்டைக் கழற்றினால் ஒரு ஆள் இரண்டு கையால் தூக்கித் திண்ணையில் வைத்துவிடலாம். தவறிக் கீழே விழுந்தால் காலில் அடிபடும், அவ்வளவுதான். தூக்குவது ஒரு பிரச்சினையாகவே அங்கே இல்லை. கார் என்ஜின் அப்படியில்லை. பிரிக்கிற அறிவு வேறு, தூக்குகிற அறிவு வேறு. எனக்கு அது தெரியவில்லை.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அப்பா டாக்ஸி டிரைவர். சொந்த வண்டி, பழைய டீசல் அம்பாசிடர். 2014-ல் அந்தக் காரைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள் என்றாலும், எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்க அம்பாசிடர்தான் வேணும் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் அடுப்பு எரிவது அந்த வண்டியால். அது புகையாகக் கக்க ஆரம்பித்தது. ஆயிலைக் குடித்தது. ஏற்றத்தில் இழுக்கவில்லை. ரிங் தேய்ந்து, போரும் போய்விட்டது. என்ஜினை இறக்கி, பிளாக்கை லேத்துக்கு அனுப்பிப் போர் அடிக்க வேண்டும் என்றார்கள். இறக்கி ஏற்றுகிற கூலியையும் சேர்த்து ஒரு இடத்தில் கேட்ட தொகையைக் கேட்டு அப்பா பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஒரு வேடிக்கை பாருங்க. வொர்க்ஷாப் பாஷையில் என்ஜினை இறக்குவது என்றுதான் சொல்வோம். ஆனால் அம்பாசிடரில் என்ஜின் மேலேதான் வரும். இறக்குவது என்ற சொல்லைக் கேட்டுப் பழகியதாலோ என்னவோ, அதைத் தூக்க என்ன வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. நாயுடு பிரித்தார், நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு, நானும் பிரிக்கிறேன் என்று அப்பாவிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. மகன் படிக்கிறான் அல்லவா!

நாயுடு கதையில் அடுத்து வருவது ஏற்றமும் இறக்கமும். மெக்கானிக் வேலை பார்த்தார். திருப்பூரில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். கையில் பணம் புரண்டது. பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் வியாபாரம் செய்து எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் திரும்பினார். இதை நம் மலர்களில் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். ஆனால் அந்த நாட்களில் அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

கைகொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். கோவையில் தொழில்கள் நடத்திய வெள்ளைக்காரர். அவர் உதவியால் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். 1920-ல் அதைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான். ஒற்றை வண்டி. எனக்கு அவர் வாழ்க்கையிலேயே ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான், மோட்டார் சைக்கிள் இல்லை. ஒற்றை வண்டிக்காரனுக்கு என்ஜின் நின்றால் அன்றைக்கு வசூல் இல்லை. வசூல் இல்லாவிட்டால் கடன் தவணை இல்லை. பொழுதுபோக்காகப் பிரித்துப் பார்ப்பதும், நாளைக்குக் காலையில் ஓடியாக வேண்டும் என்று பிரிப்பதும் ஒன்றல்ல. எங்கள் அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இனி நாங்கள் செய்த தப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேட்டரியைக் கழற்றினோம். தண்ணீர், ஆயில் வடித்தோம். பானட், ரேடியேட்டர், முன் பம்பர், சைலன்சர் பைப், பிராப்பல்லர் ஷாஃப்ட், கிளட்ச் இணைப்பு, ஒயர்கள், டீசல் பைப்புகள் எல்லாம் ஒழுங்காகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டி வைத்தேன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வண்டியை வாசல் வேப்பமரத்துக் கிளைக்குக் கீழே தள்ளினோம். அப்பாரு காலத்துக் கிணத்துச் சகடை ஒன்று கிடந்தது. அதைக் கிளையில் கட்டி, நைலான் கயிற்றை மாட்டி, என்ஜினுக்குக் குறுக்கே ஒரு சுற்றுச் சுற்றி, மாமா, சித்தப்பா, என் நண்பன், நான் என்று நாலு பேர் இழுத்தோம். அப்பா என்ஜினைப் பிடித்து வழி காட்டினார்.

ஒரு சாண் எழும்பியது. எழும்பியதும் முன்பக்கம் சாய்ந்தது. கியர்பாக்ஸ் பக்கம் எதிலோ மாட்டியது. அதை விடுவிக்க அப்பா கையை உள்ளே விட்டார். நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீளும். கிளை ஒரு முறை முனகியது. சித்தப்பாவுக்குக் கால் வழுக்கியது. மூன்று பேரால் பிடிக்க முடியவில்லை. என்ஜின் இருந்த இடத்துக்கே திரும்பப் போய் உட்கார்ந்தது, அப்பாவின் இடது கை நடுவிரல் மேலே.

எலும்பு முறியவில்லை, நகம் போனது. ஆயில் சம்ப் நெளிந்தது. பத்து நாள் அப்பாவால் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை, பிடிக்க வண்டியும் இல்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அந்தப் பத்து நாளில்தான் கணக்குப் போட்டேன். அந்த டீசல் என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தால் 200 கிலோவுக்கு மேல். மேலே கட்டிய ஒற்றைச் சகடையில் கயிறு திசையைத்தான் மாற்றும், எடையைக் குறைக்காது. 200 கிலோவைத் தூக்க 200 கிலோ விசையோடு கீழே இழுக்க வேண்டும். அப்போது கிளைக்கு எவ்வளவு பாரம்? அந்தப் பக்கம் என்ஜின் 200, இந்தப் பக்கம் நாங்கள் இழுப்பது 200, மொத்தம் 400 கிலோ! முதல் வருஷ மெக்கானிக்ஸ் பேப்பரில் இதே கணக்குக்கு எனக்கு முழு மார்க். ஆனால் வாசலில் நின்றபோது மரம் தாங்கும் என்று மட்டும்தான் தோன்றியது. ஓட்டு வீட்டு விட்டத்தில் கட்டித் தூக்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். ஓட்டின் பாரம் விட்டம் முழுக்கப் பரவி நிற்பது. நடுவில் ஒரே இடத்தில் தொங்கும் பாரத்துக்கு அந்த விட்டம் வைக்கப்படவில்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

நாயுடுவின் ஒற்றை பஸ் சில வருஷங்களில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. யு.எம்.எஸ். என்றால் நேரத்துக்கு வரும் பஸ் என்று பேர். வண்டிகள் பெருகியபோது பிரித்துப் பூட்டுகிற வேலையும் பெருகியிருக்கும். ஆனால் இப்போது அவர் தனி ஆள் இல்லை. ஆட்கள் இருந்தார்கள், கருவிகள் இருந்தன, பணிமனை இருந்தது. நாம் இந்த இரண்டாவது படத்தை மறந்துவிட்டு, தனியாகத் திண்ணையில் உட்கார்ந்து மோட்டார் சைக்கிளைப் பிரித்த முதல் படத்தை மட்டும் மனதில் மாட்டி வைத்திருக்கிறோம். வீட்டு வாசலில் கார் என்ஜினைத் தூக்கப் போகிறவன் பார்க்க வேண்டியது இரண்டாவது படத்தை.

சரி, வாசலில் பணிமனை கிடையாது. என்ன சாதனம் எடுப்பது? இரண்டாம் முறை நான் அலைந்து திரிந்து பார்த்ததைச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

முதலில் ஹைட்ராலிக் என்ஜின் கிரேன். நம் பட்டறைகளில் இருக்கிற, மடக்கி வைக்கிற வகை. அடியில் சக்கரம், மேலே நீட்டி மடக்கும் கை, நடுவில் ஜாக். பார்க்க அழகு, வேலையும் சுளுவு. என்ஜினைத் தூக்கி, கிரேனையே பின்னால் இழுத்துவிடலாம், காரை அசைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விஷயம். கையில் நாலு ஓட்டை இருக்கும். கை உள்ளே இருக்கும்போது 2 டன் தூக்கும் என்று எழுதியிருக்கிற கிரேன், கையைக் கடைசி ஓட்டை வரை நீட்டினால் அரை டன்தான் தாங்கும். அம்பாசிடர் மூக்கு நீளமானது, கையை நீட்டாமல் என்ஜின் நடுவுக்கு எட்டாது. 200 கிலோவுக்கு அரை டன் போதும்தான். ஆனால் 2 டன் என்ற எழுத்தை மட்டும் படித்துவிட்டு வாங்கக் கூடாது. இரண்டாவது, அந்தச் சின்னச் சின்ன இரும்புச் சக்கரங்கள் சிமெண்ட் தரையில்தான் உருளும். எங்கள் வாசல் சாணி வழித்த மண். சக்கரம் புதைந்து கிரேன் சாய்ந்தால், கயிறு அறுவதைவிட மோசம். சிமெண்ட் போட்ட ஷெட் இருப்பவர்கள் யோசிக்காமல் இதை எடுக்கலாம். எங்களுக்கு ஆகாது.

அடுத்தது இரண்டு பக்கமும் கால் வைத்து மேலே ஐ-பீம் போட்ட கேன்ட்ரி. உறுதி என்றால் அதுதான் உறுதி. ஆனால் ஒரு தடவை என்ஜின் இறக்க அதைச் செய்வது, ஒரு நாள் விருந்துக்கு வீடு கட்டுகிற மாதிரி.

எனக்கு வழி கிடைத்தது கிணத்தடியில். இங்கே மறுபடியும் நாயுடு வருகிறார்.

எங்கள் சீமையில் தண்ணீர் ஆழம். அப்பாரு காலத்தில் இரண்டு மாடு கட்டிக் கவலை ஓட்டினார்கள். 1930-களில் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்தது. மின்சாரம் வந்தால் போதுமா, மோட்டார் வேண்டாமா? மோட்டார் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. நாயுடு 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் இந்தியாவிலேயே செய்த மின்சார மோட்டாரைக் கொண்டு வந்தார். பாலசுந்தரம் பின்னால் டெக்ஸ்டூல் கம்பெனியை நிறுவியவர். அதன் பிறகு கோவை மோட்டார் பம்புக்குப் பேர் போன ஊரானது நாம் அறிந்ததே. நம்மில் பாதிப் பேர் படிப்பு முடித்துப் போய்ச் சேரப் போவது அந்தக் கம்பெனிகளில்தானே!

கிணற்றுக்குள் மோட்டார் போனால், அது பழுதாகும்போது வெளியே வரவும் வேண்டும். அதற்கென்றே ஒவ்வொரு ஊரிலும் ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று இரும்புப் பைப்பை மேலே ஒன்றாகப் பூட்டிய மூணு கால் ஸ்டாண்டு, அதில் மாட்டும் செயின் பிளாக், இவ்வளவுதான் அவர்கள் சொத்து. மண் தரையிலும் நிற்கும், மேடு பள்ளத்திலும் நிற்கும். எங்கள் ஊரில் மோட்டார் தூக்கும் அண்ணன் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அப்பா விரலைப் பற்றி அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரு நாள் வாடகைக்குத் தருகிறேன், ஆனால் நானும் கூட வருவேன் என்று நிபந்தனை போட்டார். அந்த நிபந்தனைதான் அவர் தந்த பெரிய சாதனம்.

செயின் பிளாக்கின் அருமை என்னவென்றால், கைச்செயினைப் பல முழம் இழுத்தால்தான் கொக்கி ஒரு விரல் அளவு ஏறும். உள்ளே பல்சக்கரங்கள். அதனால் ஒரே ஆள் ஒரு கையால் 200 கிலோவைத் தூக்குகிறான். அதைவிடப் பெரிசு, கையை விட்டாலும் பாரம் அங்கேயே நிற்கும். உள்ளேயே பிரேக் இருக்கிறது. எங்கள் நைலான் கயிற்றில் அந்தப் பிரேக் சித்தப்பாவின் கால்தான், அது வழுக்கியது. தூக்குவதற்கு மட்டும் சாதனம் தேடக் கூடாது, தூக்கியதைப் பிடித்து நிற்கவும் சாதனம் வேணும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் கொண்டு வந்தது 1 டன் பிளாக். என்ஜின் எடைக்கு நாலு மடங்குக்கும் மேல். மாட்டுவதற்கு முன்னால் செயினை ஒவ்வொரு கண்ணியாக விரலால் தடவிப் பார்த்தார், கொக்கி வாய் விரிந்திருக்கிறதா என்று பார்த்தார், கொக்கியின் பூட்டு மூடுகிறதா என்று பார்த்தார்.

ஸ்டாண்டின் அளவை நானே கணக்குப் போட்டேன், இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. காரின் அகலம் ஐந்தரை அடி. அப்படியானால் கால்களுக்கு நடுவே ஆறடி விட்டால் போதும் என்று முதலில் நினைத்தேன். தப்பு. கால்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். தரையில் ஆறடி இருந்தால் மட்கார்டு உயரத்தில் நாலடிதான் இருக்கும், கார் மாட்டிக்கொள்ளும். 12 அடிக் கால்களைத் தரையில் எட்டரை அடிக்கு விரித்தால் மூன்றே கால் அடி உயரத்தில் ஆறடி கிடைக்கிறது. உயரமும் பாருங்க: முன் தகட்டைத் தாண்ட மூன்று அடிக்கு மேல், என்ஜின் உயரம் இரண்டரை அடிக்குக் குறையாது, கட்டுகிற செயின் ஒரு அடிக்கு மேல், பிளாக் தன் இரண்டு கொக்கிக்கு நடுவே எடுத்துக்கொள்ளும் இடம் ஒரு அடிக்கு மேல். ஒன்பது அடி இல்லாமல் காரியம் ஆகாது. 12 அடிக் கால் விரிந்து நின்றால் ஏறக்குறைய 11 அடி உயரம். சரியாக இருந்தது. மூன்று காலுக்கும் அடியில் பலகைக் கல் வைத்தோம். கால்கள் விரிந்து போகாமல் அடியில் சுற்றிச் செயின் போட்டுக் கட்டினோம். அதைக் கட்டாத ஸ்டாண்டின் கீழே நிற்கவே கூடாது என்றார் அண்ணன்.

நாயுடுவின் வாழ்க்கையில் நமக்கு மிக நெருக்கமான ஆண்டு 1945. அவர் முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன. ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். பொறியியல் கல்லூரிதான் பின்னால் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர் நாயுடுவேதான். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் கல்லூரி முதல்வர்! நாலு வருஷப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு வருஷமே போதும் என்று அவர் வாதாடினார். வெள்ளைக்கார அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார்.

பரீட்சை நேரத்தில் நாமெல்லாம் நாயுடு கட்சிதான். அப்பாவுக்கும் ஒரு வருஷம் சீக்கிரம் சம்பளம் வந்தால் நல்லது. ஆனாலும் ஒரு சந்தேகம். நாயுடு சொன்ன சுருக்கப் படிப்பில் லாமி தேற்றம் இருந்திருக்குமா? ஏனென்றால் அன்றைக்கு அதுதான் என்னைக் காப்பாற்றியது. என்ஜினை முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் பிடித்து ஒரே கொக்கியில் மாட்ட வேண்டும். இரண்டு செயினும் நேராக இறங்கினால் ஆளுக்கு 100 கிலோ. செயின் குட்டையாக இருந்து, இரண்டுக்கும் நடுவே கோணம் 120 டிகிரி ஆகிவிட்டால், ஒவ்வொரு செயினிலும் 200 கிலோ இழுவை! அதே என்ஜின்தான், அதே எடைதான். ஆகவே செயின் நீளமாக, கோணம் 60 டிகிரிக்குள் இருக்கும்படி கட்டச் சொன்னேன். அப்போது ஒரு செயினுக்கு 115 கிலோதான். மோட்டார் தூக்கும் அண்ணன் என்னை முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கோணம் கை அனுபவத்தில் தெரியும், எனக்குக் காகிதத்தில் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றது. நாயுடு அங்கே இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

தூக்கினோம். இரண்டு அங்குலம் ஏற்றி நிறுத்தி, ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் நெளியவில்லை, எதுவும் முனகவில்லை. கியர்பாக்ஸ் பக்கம் தாழ, முன்பக்கம் உயர, சாய்வாக வெளியே வந்தது. இந்த முறை யாரும் கையை உள்ளே விடவில்லை, மாட்டிய இடத்தில் ஒரு மரக்கட்டையால் தள்ளினோம். முன் தகட்டைத் தாண்டியதும் காரைப் பின்னால் தள்ளினோம். என்ஜின் ஸ்டாண்டுக்கு நடுவில் தொங்கியது. உடனே இறக்கி இரண்டு கட்டைமேல் உட்கார வைத்தோம். தொங்கவிட்டபடி அதில் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனது. வேப்பமரத்துக்கு ஒரு இலை உதிரவில்லை.

நாயுடு செய்தவை இன்னும் எத்தனையோ. டார்ச் பேட்டரியில் ஓடும் சவர ரேசர், மெல்லிய பிளேடு, பழரசம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி. 1936-ல் லண்டனில் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கையாலேயே படம் பிடித்தார். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்றார். பருத்தியிலும் பப்பாளியிலும் ஆராய்ச்சி செய்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலைக்குத் தரலாம் என்று கொண்டு வந்தார். அரசு லைசென்ஸ் தரவில்லை, அந்தக் கார் தெருவுக்கு வராமலே போனது. அது வந்திருந்தால் எங்கள் அப்பாவைப் போன்றவர்கள் என்ன வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்களோ! 1974 ஜனவரி 4-ம் தேதி நாயுடு காலமானார்.

எங்கள் பிளாக் லேத்திலிருந்து போர் அடித்து வர ஒன்பது நாள் ஆனது. சம்பைத் தட்டி நிமிர்த்தினோம். ஏற்றும் நாளுக்கும் அதே ஸ்டாண்டு, அதே அண்ணன், வாடகை பாதிதான் வாங்கினார். அப்பா ஒட்டிய சீட்டுகளைப் பார்த்து ஒயர்களை மாட்டினார். எழுத்துக்கூட்டிப் படித்துத்தான், ஆனால் ஒன்றுகூட மாறவில்லை.

அவிநாசி ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு நாயுடு பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பீளமேட்டு மண்டபத்துக்கு ஒரு கல்யாண வாடகை வந்தபோது நானும் கூடப் போனேன். மேலே ஏறியதும் கோயமுத்தூரே கீழே தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்பா ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை. நகம் முளைக்காத அந்த விரலை ஸ்டியரிங்கில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, பாலம் முடிகிற வரைக்கும் டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.